கடற்கரைக் காற்று யாருக்குச் சொந்தம்?

ராட்சதக் காற்றாலைகள் கோலோச்சும் காலத்தில் சிறு காற்றாலைகளுக்கு இடமிருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் அல்ல.

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் கடலுக்கு நடுவே இருக்கிறது காராபுரி. எலிஃபன்டா குகைகள் உள்ள தீவு என்றால் சட்டென்று புரியும். 1987ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இடம். இரவில் இதன் கரையில் நின்றால் எதிரே மும்பையின் விளக்குகள் மினுங்குவது தெரியும். ஆனால் தீவிலிருந்த ராஜ்பந்தர், மோராபந்தர், சேத்பந்தர் ஆகிய மூன்று கிராமங்களுக்கும் மாலையில் சில மணி நேரம் ஓடும் டீசல் ஜெனரேட்டர்தான் கதி. அது நின்றால் இருட்டு. 2018 பிப்ரவரியில்தான், கடலுக்கு அடியில் 7.5 கி.மீ. நீளத்துக்கு கேபிள் பதித்து, மாநில மின் விநியோக நிறுவனம் முதன்முறையாக முழு நேர மின்சாரம் கொடுத்தது. செலவு ரூ. 25 கோடி. நாடு சுதந்திரம் அடைந்து 70 ஆண்டுகள் கழித்து, நாட்டின் வர்த்தகத் தலைநகரின் கண்ணெதிரே உள்ள ஒரு தீவுக்குக் கிடைத்த வெளிச்சம் அது.

சுற்றிலும் கடல், ஜூன் பிறந்தால் கூரையைப் பிய்க்கும் பருவக்காற்று. கேபிளுக்காக இத்தனை காலம் காத்திருப்பதற்குப் பதில் ஆளுயரக் கம்பங்களில் நாலைந்து காற்றாலைகளை நட்டு அங்கேயே மின்சாரம் எடுத்திருக்கக் கூடாதா என்று தோன்றுவது இயல்பு. இந்தக் கேள்வி காராபுரியோடு நிற்பதில்லை. கொங்கண் கடற்கரை முதல் பாக் நீரிணை வரை, மின்கம்பி கடைசியாக எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு மீனவர் குப்பத்துக்கும் இது பொருந்தும். பதில் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மாறுவதற்குக் காற்று ஒரு காரணம். காற்றைவிடப் பெரிய காரணங்களும் உண்டு.

முதலில் காற்றின் கணக்கு. ஆளுயரக் கம்பம் என்பதே தவறு. காற்றிலுள்ள சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. 3 மீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி காற்று வேகம் விநாடிக்கு 5 மீட்டர் உள்ள திறந்த வெளியில் அது நாளொன்றுக்கு ஐந்து யூனிட் அளவுக்கு மின்சாரம் தரலாம். ஒரு சிறு குடும்பத்தின் விளக்கு, மின்விசிறி, டி.வி., குளிர்சாதனப் பெட்டிக்கு அது போதும். அதே இயந்திரத்தை 3 மீட்டர் வேகமே உள்ள இடத்தில் வைத்தால் ஒரு யூனிட் கிடைப்பதே அபூர்வம். இயந்திரம் அதேதான், விலையும் அதேதான். தரையை ஒட்டி மரமும் வீடும் மறிக்கும் இடத்தில் காற்று வேகம் இழப்பதோடு சுழித்து அலைக்கழிக்கிறது. அதனால்தான் சிறு காற்றாலைக்கும் 15, 20 மீட்டர் உயரக் கோபுரம் கேட்கிறார்கள். பல சமயம் இயந்திரத்தைவிடக் கோபுரத்துக்குத்தான் செலவு அதிகம்.

இந்தக் கணக்கைத் தாராவியில் வைத்துப் பார்த்தால் விடை உடனே தெரிந்துவிடும். மாகிம் கழிமுகத்தை ஒட்டிய கோலிவாடாவாக, அதாவது கோலி மீனவர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர்தான் தாராவி. இன்று இரண்டு சதுர கி.மீ. சொச்சம் பரப்பில் லட்சக்கணக்கானோர் வாழும் நெரிசல். தகரக் கூரைகளும் அவற்றை விழுங்கி எழும் அடுக்குமாடிகளும் காற்றைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. இங்கே கூரைமேல் வைக்கும் காற்றாலை அழகாகச் சுற்றும், மின்சாரம்தான் தராது. பிரிட்டனில் 2000களின் பிற்பாதியில் கட்டடங்களின்மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை ஓராண்டுக்கு மேல் கண்காணித்தார்கள். வார்விக் காற்றுச் சோதனை என்று பெயர் பெற்ற அந்த ஆய்வில், ஒரு காற்றாலை நாளொன்றுக்குச் சராசரியாகத் தந்தது 214 வாட்மணி. கால் யூனிட்கூட இல்லை. மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களுக்கும் செம்பூரின் குடியிருப்புகளுக்கும் இதே தீர்ப்புதான். அந்தக் கூரைகளில் சூரியத் தகடு வைப்பதே புத்திசாலித்தனம்.

காராபுரிக்கும் கேபிள் வந்தது சரியான முடிவே. ஏழரை கி.மீ. தூரத்தில் பெரிய மின்தொகுப்பு இருக்கும்போது அதோடு இணைவதுதான் நீண்ட நாளைக்கு மலிவு. தாமதம்தான் குற்றம். கேபிள் போட முடியாத தூரத்தில், டீசலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டிய ஊர்களில்தான் சிறு காற்றாலையின் கதை ஆரம்பமாகிறது.

இந்தியாவில் காற்று மின்சாரமே கடற்கரையில்தான் பிறந்தது. 1986ல் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி ஆகிய கடலோரப் பகுதிகளில் செயல்விளக்கக் காற்றாலைகளை நிறுவினார்கள். டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் தயாரித்த, தலா 55 கிலோவாட் திறனுள்ள இயந்திரங்கள் அவை. இன்று தனியொரு காற்றாலையே 3 மெகாவாட்டைத் தொடுகிறது. அன்றைய இயந்திரங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். 2025 மார்ச்சில் நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 11,000 மெகாவாட்டுக்கு மேல்.

இந்த வளர்ச்சியைத் தாராவித் தமிழர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் ரயில் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். தாராவியின் தோல் தொழிலுக்கு அடித்தளமிட்டவர்கள் 19ம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களைத் தொடர்ந்து தலைமுறை தலைமுறையாக வந்தவர்களிலும் அந்த வட்டாரத்தார் ஏராளம். வானம் பார்த்த அந்தச் சீமையில் பிழைக்க வழியில்லாமல்தான் ரயில் ஏறினார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வீசும் காற்று அப்போதும் வீசிக்கொண்டுதான் இருந்தது. இன்று முப்பந்தலில் அதே காற்று மின்சாரமாகித் தொகுப்புக்குப் போகிறது. நிலத்தை விற்றவருக்கு விற்ற அன்று ஒரு விலை கிடைத்தது. அதற்குப் பிறகு தலைக்குமேல் வீசும் காற்றுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

ஊரே காற்றாலைக்குச் சொந்தக்காரராக முடியாதா? முடியும் என்று காட்டியது மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி. தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் ரூ. 1.55 கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அது 2006ல் வாங்கியது. ஊரில் போதிய காற்று இல்லாததால் உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். உற்பத்தியாகும் மின்சாரம் தொகுப்புக்குப் போகிறது, ஊராட்சியின் தெருவிளக்குக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் ஆகும் மின்சாரம் கணக்கில் கழிகிறது, மிச்சம் வருமானம். ஓடந்துறை மலையடிவார ஊர், கடலோரம் அல்ல. ஆனாலும் கடலோர ஊர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. காற்றாலை யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் அதன் பலன் போய்ச் சேரும்.

தொகுப்பே எட்டாத தமிழ்க் கடலோரம் என்றால் அது பாக் நீரிணையின் மறுகரை. யாழ்ப்பாணத்தின் தீவுப் பகுதியான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் இலங்கையின் தேசிய மின்தொகுப்போடு இணையாதவை. டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்தவை. டீசல் தட்டுப்பாடு வந்தால் முதலில் இருளும் ஊர்கள் இவைதான். எழுவைதீவில் 2010களில் சிறு காற்றாலை, சூரியத் தகடு, பேட்டரி, டீசல் நான்கையும் இணைத்து ஒரு கலப்பு மின் அமைப்பை நிறுவிப் பார்த்தார்கள். அதே வழியில் மற்ற மூன்று தீவுகளுக்கும் பெரிய அளவில் திட்டம் தயாரானது.

அங்கேதான் அரசியல் குறுக்கிட்டது. 2021 ஜனவரியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியோடு இந்த வேலையைச் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் சீனர்களா என்று புதுடில்லி ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டத்தை நிறுத்துவதாக கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா மானியம் தருவதாக ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச் 1ல், சுமார் 1.1 கோடி டாலர் இந்திய மானியத்தில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தீவுக்காரர் வீட்டில் விளக்கெரிய வேண்டுமா என்பதை பெய்ஜிங், புதுடில்லி, கொழும்பு ஆகிய மூன்று தலைநகரங்களும் சேர்ந்து யோசிக்க மூன்றாண்டுகள் பிடித்தன.

அந்தத் திட்டத்தின் அளவுகளைக் கவனித்தால் இன்றைய சிறு காற்றாலையின் இடம் தெளிவாகும். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட். காற்று 530 கிலோவாட். பேட்டரி 2,400 கிலோவாட்மணி. அவசரத்துக்கு டீசல் 2,500 கிலோவாட். அதாவது, கடல் சூழ்ந்த தீவிலேயே காற்று இரண்டாம் இடத்தில்தான். சூரியத் தகட்டின் விலை சரிந்ததால் வந்த மாற்றம் இது. தகட்டில் சுழலும் பாகம் இல்லை, உயரக் கோபுரம் வேண்டாம், துடைத்தால் போதும். பிறகு காற்றாலை எதற்கு? வெயில் இல்லாத நேரத்துக்கு. தென்மேற்குப் பருவத்தில் சோளகம் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் தென்மேற்குக் காற்று வலுத்து அடிக்கிறது. இரவிலும் அடிக்கிறது. காற்றாலை அந்த நேரத்தில் பாரத்தைத் தாங்கினால் பேட்டரி சிறிதாக இருந்தால் போதும்; டீசலும் மிச்சம். கொங்கண் கடற்கரைக்கும் இதே நியாயம் உண்டு. அங்கே ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறிக் கிடக்கும். வருமானம் நின்று, வெயிலும் மறைந்த அந்த மாதங்களில்தான் காற்று மிகப் பலமாக இருக்கிறது.

இந்தியாவிலும் முயற்சி நடக்காமல் இல்லை. சிறு காற்றாலை, சூரியக் கலப்பு அமைப்புகளுக்கு மத்திய அரசு பல ஆண்டுகள் மானியம் கொடுத்தது. அவற்றை அதிகம் நிறுவிய மாநிலம் மகாராஷ்டிரம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில், சென்னைப் பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் சிறு காற்றாலைகளையும் சோதித்துப் பார்க்கிறது. இத்தனையும் சேர்ந்து நாடு முழுவதும் எட்டிய திறன் சில மெகாவாட்தான். முப்பந்தலின் ஓர் ஓரத்துக்குக்கூட ஈடாகாது.

ஏன்? காற்றாலையை நிறுவுவது ஒரு நாள் வேலை. ஓட வைப்பது இருபது ஆண்டு வேலை. கடற்கரையில் உப்புக்காற்று போல்ட்டைத் தின்னும், கம்பியைத் தின்னும், மின்இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும். கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கயிறு தளர்ந்ததைக் கவனிக்காவிட்டால் ஒரு சுழற்காற்றில் எல்லாம் சாய்ந்துவிடும். 2020 ஜூன் 3ல் அலிபாக் பக்கம் கரையைக் கடந்த நிசர்கா புயலில் ராய்கட் மாவட்டத்தின் மின்கம்பங்கள் விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மானியம் இயந்திரத்தை வாங்கித் தரும். மூன்றாவது ஆண்டில் பேரிங் தேய்ந்து கிரீச்சிடும்போது ஏறிப் பார்க்கிற ஆளைத் தராது. பழுதான பாகம் வேற்றூரிலிருந்து வர மூன்று மாதம் ஆனால், அதற்குள் ஊர் மறுபடி ஜெனரேட்டருக்குத் திரும்பியிருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்த ஊர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் ஸ்கோரெய்க் என்ற சிறு குடியிருப்பு. சாலை கிடையாது, நடந்தோ படகிலோதான் போக வேண்டும். மின்தொகுப்பும் இல்லை. 1970களிலிருந்து அங்கே வசிக்கும் ஹியூ பிகட், பழைய வேனின் பிரேக் டிரம், காந்தம், செம்புக் கம்பி, கையால் செதுக்கிய மர இறக்கை ஆகியவற்றைக் கொண்டே காற்றாலை செய்தார். அண்டை வீடுகளுக்கும் செய்து கொடுத்தார். செய்முறையை எழுதி உலகுக்கே கொடுத்தார்; பல நாடுகளில் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். அந்த இயந்திரத்தின் பலம் அதன் திறமையில் இல்லை. கெட்டால் செய்தவரே சரிசெய்வார் என்பதில் இருக்கிறது.

அதே நாட்டின் மேற்குக் கடலில் உள்ள எக் தீவு இன்னொரு படி மேலே போனது. 1997ல் தீவையே விலைக்கு வாங்கிய மக்கள், நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென ஒரு சிறு மின்தொகுப்பை 2008 பிப்ரவரியில் தொடங்கினார்கள். அதில் தலா 6 கிலோவாட் திறனுள்ள நான்கு சிறு காற்றாலைகள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது; கடை, தொழிலகம் என்றால் 10. பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே வரம்பு. பராமரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் தீவுக்காரர்களே. காற்று மிகுந்த நாளில் உபரி மின்சாரம் பொது மண்டபத்தைச் சூடாக்கப் போகிறது.

நம் கடற்கரையில் எதையும் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் இல்லாததால்தான் கரையில் நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்கு மீனவர் மீனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். காற்று மிகுந்த இரவின் உபரி மின்சாரம் ஐஸ் கட்டியாகச் சேர்ந்தால், அதுவே பேட்டரி. அதுவே மீனவரின் பேரம் பேசும் பலம். விளக்கெரிவதைவிட இது பெரிய லாபம்.

பராமரிக்கும் கைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனவர்கள் இன்று ஓட்டும் ஃபைபர் படகும் காற்றாலையின் இறக்கையும் ஒரே ஜாதி. இரண்டுமே கண்ணாடி இழையும் ரெசினும். படகின் விரிசலை அடைக்கத் தெரிந்த கை இறக்கையின் விரிசலையும் அடைக்கும். பாய்மரத்தை ஏற்றி இறக்கிய பரம்பரைக்கு, புயல் எச்சரிக்கை வந்ததும் சாய்த்துப் படுக்க வைக்கும் கோபுரம் புது வித்தை அல்ல. உள்ளே இருக்கும் ஜெனரேட்டரில் முக்கால்வாசி வேலை செம்புக் கம்பிச் சுருள். தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இந்தத் திறமைகளுக்குத் தாராவியிலும் பஞ்சமில்லை. நகரத்தின் கழிவையே கச்சாப்பொருளாக்கி வாழும் ஊர் அது. தாராவியின் கூரைகளில் காற்றாலைக்கு இடமில்லாமல் இருக்கலாம். கொங்கண் கரைக்கு அதைச் செய்து கொடுக்கும் பட்டறைக்கு இடம் உண்டு. இதில் குறைவது திறமை அல்ல. அளந்து, சோதித்து, தரம் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு. 1887ல் தொடங்கி, இன்று மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் இத்தகைய பட்டறைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில கி.மீ.தான்.

இவற்றையெல்லாம் ஊரைக் கேட்காமல் செய்தால் என்னவாகும் என்பதற்கு மன்னார் அண்மைக்கால உதாரணம். 2020ல் அந்தத் தீவில் 30 ராட்சதக் காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. அதையடுத்து வந்த புதிய திட்டங்களை எதிர்த்து 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் வடியாமல் ஊர் மூழ்குகிறது, வலசைப் பறவைகளின் பாதை அடைபடுகிறது, மீன்பிடித்தல் கெடுகிறது என்பது அவர்கள் புகார். வேலையைத் தற்காலிகமாக நிறுத்திப் பேச்சு நடத்த வேண்டிய நிலை அரசுக்கு வந்தது. காற்றாலையே வேண்டாம் என்பதல்ல அங்கே எழுந்த குரல். எங்கள் தலைக்குமேல் சுற்றுவதில் எங்களுக்கு என்ன பேச்சு என்பதுதான்.

சிறு காற்றாலை நாட்டின் மின்பஞ்சத்தைத் தீர்க்காது. அதைச் செய்யப் பெரியவை இருக்கின்றன. தொகுப்புக்கு வெளியே, காற்று அடிக்கும் திறந்த கரையில், சூரியத் தகட்டுக்குத் துணையாக நிற்பதுதான் அதன் வேலை. அங்கேயும் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாகக் கடைசியில் கேட்கும் கேள்விகளை முதலில் கேட்டாக வேண்டும். ஓராண்டாவது காற்றை அளந்தார்களா? இயந்திரம் யார் பெயரில்? மாதக் கட்டணத்தை யார் வசூலித்து எங்கே சேர்ப்பது? பேரிங் போனால் மாற்றத் தெரிந்த இருவர் அந்த ஊரிலேயே இருக்கிறார்களா? இவற்றுக்கு விடை இருந்தால் கோபுரம் நடலாம். இல்லையென்றால் படகில் டீசலையே ஏற்றி அனுப்பலாம். துருப்பிடித்த கோபுரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வேலையாவது ஊருக்கு மிச்சமாகும்.